விழுந்ததை அந்த ஆயா ஏன் மறைத்தார்?

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். நான்கு மாதத்துக்கு முன்பு என்னை மேனேஜர் ஆக்கினார்கள். 42 பேர் தங்கியிருக்கிறார்கள், அதில் 11 பேர் படுத்த படுக்கை. ராத்திரி டூட்டிக்கு ஒரு சிஸ்டர், இரண்டு ஆயா. போன மாதம் 81 வயது அம்மா ஒருவர் ராத்திரி இரண்டு மணி வாக்கில் பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். டூட்டியில் இருந்த ஆயா அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம்தான் கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடப்பதைப் பார்த்தோம். இடுப்பெலும்பு முறிவு, ஆபரேஷன், மகன் கட்டிய பில் 2,10,000 ரூபாய். யாராவது விழுந்தால் டூட்டியில் இருப்பவர் சம்பளத்தில் 500 ரூபாய் பிடிப்பது இங்கே பழைய வழக்கம், பிடித்துவிட்டோம். ஆனால் அவரை வேலையை விட்டே அனுப்பச் சொல்கிறார் டிரஸ்டி. 12 வருடமாக இங்கே இருப்பவர், சம்பளம் 12,000. மற்ற ஆயாக்கள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். வயதில் மூத்தவர்கள் இன்னும் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், சொன்னதைக் கேட்பதில்லை. தினமும் 14 மணி நேரம் இல்லத்திலேயே கிடக்கிறேன். இதற்குள் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, அன்பாக இருக்க வேண்டுமா? (பெயரும் ஊரும் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கண்டிப்பா, அன்பா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன அந்த 500 ரூபாய். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆயாவை அனுப்புவதா வேண்டாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் நடுவில் இருக்கும் விஷயங்களைப் பேசாமல் அதற்குப் பதில் சொன்னால் தப்பாகிவிடும்.

அந்த ஆயாவின் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணி. அந்த அம்மா பாத்ரூம் வாசலில் விழுந்து கிடக்கிறார். "ஒண்ணும் இல்லம்மா, என்னைத் தூக்கி விடு" என்று அவரே சொல்லியிருப்பார், பெரும்பாலான பெரியவர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். சிஸ்டரைக் கூப்பிட்டால் நோட்டில் எழுதுவார். எழுதினால் 500 ரூபாய் போகும். அது அவருக்கு ஒரு நாள் சம்பளத்துக்கும் மேல். வெளியே காயம் எதுவும் தெரியவில்லை. நானாக இருந்தாலும் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விழுந்தால் பணம் பிடிப்போம் என்று சொல்லும் இல்லத்தில் விழுவது குறையாது, விழுந்ததைச் சொல்வதுதான் குறையும். அந்த அம்மாவுக்கு 16 மணி நேரம் வீணாகப் போனதற்கு அந்த ஆயாவும் காரணம், அந்த விதியும் காரணம். விதியை நீங்கள் போடவில்லை, சரி, ஆனால் இந்தத் தடவை பிடித்தது நீங்கள்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதை டிரஸ்டியிடம் சொல்லுங்கள். சம்பளச் சட்டத்தில் அபராதத்துக்கு வரம்பு இருக்கிறது. மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, எந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக்கூடாது. 12,000-க்கு 3 சதவீதம் 360 ரூபாய்தான். ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 360 பிடித்தாலும் இதே கதைதான் நடக்கும். அந்த வழக்கத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள், பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், கொடுத்ததை எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்பு நான் முதன்முதலில் பொறுப்பேற்ற இல்லத்தில், ஓர் இளம் நர்ஸ் பெண் காலையில் ஓடிவந்து, "மேடம், மாத்திரையை ஆள் மாற்றிக் கொடுத்துட்டேன்" என்று அழுதாள். நான் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டி மெமோ கொடுத்தேன். நல்ல நிர்வாகம் என்று அன்று நினைத்தேன். அதற்கப்புறம் ஒன்றரை வருடம் என் இல்லத்தில் மருந்துத் தவறு என்று ஒன்றுகூட நோட்டில் ஏறவில்லை. எனக்கு அதில் பெருமை வேறு. பிறகு ஒருநாள் விடியற்காலை நாலரைக்கு ஒரு தாத்தா உடம்பெல்லாம் வியர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடந்தார். சர்க்கரை 38. ராத்திரி சர்க்கரை மாத்திரையை இரண்டு பேர் இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களுக்கு ராத்திரி பத்து மணிக்கே அது தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்லப் பயந்து, அவருக்குக் கொஞ்சம் பால் மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றி அவரைக் காப்பாற்றிவிட்டோம். அந்த ஆறு மணி நேரத்தை உருவாக்கியவள் நான்தான் என்பது எனக்குப் புரியப் பல நாள் ஆனது.

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் நடக்கும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார், 1996-இல் அதை வெளியிட்டார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார். கணக்கு தலைகீழாக வந்தது, அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அந்த வார்டுகளில் இருந்தவர்கள் பயமில்லாமல் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. அபராதத்தை எடுத்தபிறகு இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் நோட்டில் விழுந்தவர்கள் எண்ணிக்கை கூடும். டிரஸ்டி பயந்துபோய், "இந்தப் பெண் வந்தபிறகு இல்லம் கெட்டுப்போச்சு" என்பார். அதனால் இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள், எண்ணிக்கை கூடத்தான் போகிறது, அதுவரை மறைந்து கிடந்ததெல்லாம் வெளியே வருகிறது என்று.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். சிஸ்டர் அப்போது எங்கே இருந்தார்? இன்னொரு ஆயா எங்கே? படுக்கையில் இருக்கும் 11 பேரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், டயபர் பார்க்க வேண்டும். ஒருவரைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும். அந்த நேரத்தில் மீதி 31 பேருக்கு யாரும் இல்லை. அந்த அம்மா கூப்பிட்டாரா, கூப்பிட்டு யாரும் வராததால் தானே எழுந்து போனாரா? இதை அவரிடம் யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் மகன் கட்டிய பில் இருக்கிறது, டிரஸ்டி சொன்னது இருக்கிறது, விழுந்தவர் சொன்ன ஒரு வார்த்தை இல்லை. மருத்துவமனைக்கோ வீட்டுக்கோ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

அவருடைய மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி மூன்று தடவை எழுந்துதான் ஆக வேண்டும், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரை இருந்தால் அதையும். படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் பிபி இறங்குகிறதா? பாத்ரூம் வழியில் ராத்திரி விளக்கு எரிகிறதா, தரை ஈரமா, செருப்பின் அடி தேய்ந்துவிட்டதா? பத்து மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து போகக்கூடியவர்களை நாமே கூட்டிப்போய் வந்தால் தனியாக எழுவது நிறையக் குறையும். நர்ஸாக இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் "யார் டூட்டி?" என்ற கேள்வி எழுந்தவுடன் இவற்றையெல்லாம் கேட்க எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

யாராவது விழுந்தால் என்ன செய்வது என்பதை ஆயாக்களுக்கு நீங்களே தரையில் படுத்துக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள். உடனே தூக்கக்கூடாது. ஒருவர் பக்கத்தில் உட்கார, இன்னொருவர் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். ஒரு கால் குட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ அசைக்கவே கூடாது. தலை அடிபட்டிருந்தால், அதிலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால், ஒன்றுமில்லை என்று அவரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது என்பதையும், அதனால்தான் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம் என்பதையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் ஆயாக்கள் நம்மைவிடக் கவனமாகச் செய்வார்கள்.

நீங்கள் மேனேஜர் ஆனபிறகு ராத்திரி டூட்டியை எத்தனை தடவை பார்த்தீர்கள்? பெரும்பாலான இல்லங்களில் நிர்வாகம் காலை ஒன்பதுக்கு வந்து ராத்திரி எட்டுக்குப் போய்விடும், மிச்சப் பதின்மூன்று மணி நேரம் வேறொரு இல்லம் நடக்கும். வாரம் ஒரு ராத்திரி போங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள், திருட்டுத்தனமாகப் போனால் வேவு பார்க்க வந்தாள் என்பார்கள், அதற்கப்புறம் எதுவும் பேசமாட்டார்கள். ஒரு ஃபிளாஸ்கில் சுக்குக் காபி எடுத்துக்கொண்டு போய், அவர்களோடு சேர்ந்து இரண்டு பேரைத் திருப்பிப் படுக்க வையுங்கள். டார்ச்சில் பேட்டரி இருக்கிறதா, ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் எங்கே, டூட்டி போனில் பேலன்ஸ் இருக்கிறதா, 108 வந்தால் கேட் சாவி யாரிடம் என்பதெல்லாம் அங்கே நிற்கும்போதுதான் தெரியும். மூன்று மணிக்கு மேல், வேலை கொஞ்சம் ஓயும்போது அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். நான் கற்றுக்கொண்ட நிர்வாகத்தில் பாதி அந்த நேரத்தில் கேட்டதுதான்.

அடுத்தது டூட்டி மாறும் நேரம். காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் ரிப்போர்ட் கொடுப்பது உங்கள் இடத்தில் எப்படி நடக்கிறது என்று எழுதவில்லை. நான் பார்த்தவரை ஆபீஸில் இரண்டு சிஸ்டர்கள் நோட்டைப் பார்த்துப் பேசுவார்கள், ஆயாக்கள் அந்த நேரத்தில் பக்கெட்டைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அதை மாற்றுங்கள். எல்லோரும் கட்டில் கட்டிலாக நடந்துபோய்ப் பேச வேண்டும், ஆயாதான் முதலில் பேச வேண்டும். சிஸ்டர் முதலில் பேசினால் "அவங்க சொன்னதுதான்" என்று ஆயா தலையாட்டிவிடுவார். யார் இரண்டு இட்லி சாப்பிடுபவர் இன்று அரை இட்லியோடு நிறுத்தினார், யாருடைய குதிகால் சிவந்திருக்கிறது, நேற்றுவரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்பதெல்லாம் ஆயாவுக்குத்தான் தெரியும். இந்தக் கடைசி விஷயத்தை, வயசாகிவிட்டால் அப்படித்தான் என்று தள்ளிவிடுவார்கள். ஒரே நாளில் வந்த குழப்பம் என்றால் மூத்திரத் தொற்றாக இருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், தண்ணீர் போதாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆயாவின் பெயரை நோட்டில் எழுதுங்கள், மறுநாள் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள், வெளி மாநிலத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால் டூட்டி போனுக்கு வாய்ஸ் மெசேஜ் போடட்டும், எந்த மொழியிலும் போடட்டும்.

உங்களைப் 'பாப்பா' என்று கூப்பிடுவதை விடுங்கள். எட்டு வருடம் கூடவே வேலை பார்த்த பெண்ணைத் திடீரென்று 'மேடம்' என்று கூப்பிட அவர்களுக்கு வாய் வராது, அதில் அவமரியாதை இல்லை. சொன்னதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை விஷயம் சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். போர்வை மடிப்பதிலிருந்து தொப்பி போடுவதுவரை எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் கண்டித்தால் எது முக்கியம் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். என் இல்லங்களில் கொஞ்ச விஷயத்துக்குத்தான் கண்டிப்பு. பெரியவர்களை அடிக்கக்கூடாது, கையையோ காலையோ கட்டிலில் கட்டக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, அவர்கள் காசையும் நகையையும் தொடக்கூடாது, நடந்ததை மறைக்கக்கூடாது. இதில் முதல் நாலுக்கு 20 வருட ஆளாக இருந்தாலும் மன்னிப்பு கிடையாது, அன்றே அனுப்பியிருக்கிறேன். ஐந்தாவதற்கு மட்டும், மறைக்க வேண்டிய நிலைமையை நாம் உண்டாக்கினோமா என்று முதலில் பார்ப்பேன். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. மூத்த ஆயா ஒருவரை அழைத்து, புதிதாக வருகிற பெண்களுக்கு ஒரு வாரம் அவர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள், அதற்கென்று மாதம் ஆயிரம் ரூபாயாவது கூடக் கேட்டு வாங்கிக்கொடுங்கள்.

14 மணி நேரம் இருப்பது பற்றி. நீங்கள் இன்னும் நர்ஸ் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஊசி நானே போட்டுவிடுகிறேன், சீட்டு நானே எழுதிவிடுகிறேன் என்று ஆரம்பிக்கும், அப்புறம் நீங்கள் இல்லாவிட்டால் யாரும் எதையும் முடிவு செய்யமாட்டார்கள். காலை டூட்டிக்கு ஒருவர், ராத்திரி டூட்டிக்கு ஒருவர் என்று பொறுப்பு கொடுங்கள், எதை அவர்களே முடிவு செய்யலாம் என்று எழுதிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள்.

வேலையை விட்டுப்போன அந்த இரண்டு பேருக்குப் போன் செய்து, ஏன் போனீர்கள் என்று கேட்டீர்களா? கேளுங்கள். சம்பளம் ஒரு காரணமாக இருக்கும், ஆனால் பல தடவை வேறு ஏதாவது இருக்கும். வார விடுமுறை எந்த நாள் என்று முந்தின நாள்தான் தெரிகிறது, பிள்ளையின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போக முடியவில்லை, ராத்திரி டூட்டி முடிந்து படுக்க இடமில்லை, எல்லோரும் சாப்பிட்டு மிச்சமிருந்தால்தான் சாப்பாடு. டூட்டி லிஸ்டை இரண்டு வாரம் முன்பே ஒட்டுவதற்கு ஒரு பைசா செலவில்லை.

தங்கியிருப்பவர்களையும் பேச வையுங்கள். நிறைய இல்லங்களில் காலை நாலு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டிவிடுகிறார்கள், எட்டு மணிக்குள் ராத்திரி ஆட்கள் வேலையை முடிக்க வேண்டுமே என்று. எந்தப் பெரியவரும் அதைக் கேட்டிருக்கமாட்டார். அமெரிக்காவில் கனெக்டிகட்டில் ஆர்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் செய்து 1976-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைப்பது, படம் என்றைக்குப் பார்ப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லி, விரும்பினால் எடுத்து வளர்க்க ஒரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு மாடிக்காரர்களுக்கும் செடி உண்டு, ஆனால் நர்ஸ் தண்ணீர் ஊற்றுவார், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 18 மாதம் கழித்து முதல் மாடியில் இறந்தவர்கள் 15 சதவீதம், இரண்டாவதில் 30 சதவீதம். சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக வாதாட முடியாது. ஆனால் எத்தனை மணிக்குக் குளிப்பது என்று ஒருவரிடம் கேட்க ஆய்வு எதற்கு? மாதம் ஒருமுறை அவர்களோடு உட்காருங்கள், ஆட்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ எல்லோரும் பார்க்கும் இடத்தில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். உங்கள்மேலேயே புகார் சொல்ல வழி இருக்கிறது என்று தெரிந்தால் உங்களிடம் நேராகப் பேசும் தைரியம் அவர்களுக்கு வரும்.

டிரஸ்டியிடம் ராத்திரிக்கு இன்னொரு ஆயா வேண்டும் என்று கேளுங்கள். வருடத்துக்கு 1,44,000 ரூபாய். மகன் கட்டிய பில் 2,10,000, அதைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மகனிடமும் நீங்களே நேரில் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், ராத்திரி ஆட்கள் போதாது என்பதையும், அபராதம் இருந்தது என்பதையும், இப்போது என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்பதையும். கத்துவார், கத்தட்டும், அவர் அம்மா. ஆயாவை அனுப்பிவிட்டோம் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

அப்புறம் அந்த ஆயா. என் பதில், அனுப்பாதீர்கள். இந்த ஒரு சம்பவத்துக்காக, இந்த விதி இருந்த நிலையில், அனுப்பக்கூடாது. அதற்காக ஒன்றும் சொல்லாமல் விடவும் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, அந்த அம்மா 16 மணி நேரம் உடைந்த எலும்போடு வலியில் கிடந்தார் என்பதை அவரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது தெரியும், ராத்திரி தூங்கியிருக்கமாட்டார், இருந்தாலும் உங்கள் வாயால் வர வேண்டும். விளக்கம் எழுதி வாங்கி ஃபைலில் வையுங்கள். அடுத்ததாக, அபராதம் போட்டது இல்லத்தின் தப்பு என்பதையும் அதே அறையில், அதே குரலில் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுவிட்டு, சரி என்றால் ஆயாவை அவரிடம் கூட்டிப்போங்கள்.

அவர் ஆபரேஷன் முடிந்து உங்களிடம் திரும்பி வருகிறார் என்றால், கட்டிலுக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலி, கைக்கு எட்டும் இடத்தில் பெல், எவ்வளவு ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் எழுதிய சீட்டு, மூன்றையும் முந்தின நாளே தயார் செய்துவிடுங்கள். வந்த முதல் ராத்திரி நீங்களும் டூட்டியில் இருங்கள்.